திரும்பத் திரும்ப மக்கர் பண்ணும் இன்ஜின்: பிரிப்பதா, மாற்றுவதா, விற்பதா?

"ஹெட் இறக்கி ஆறு மாசம்கூட ஆகலை, மறுபடியும் ஹீட் ஆகுது. என்ன பண்றது?"

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ரகம்தான். மீதிப் பாதியில் ஹீட்டுக்குப் பதிலாக ஆயில் குடிப்பது இருக்கும், நீலப் புகை இருக்கும், இல்லையென்றால் "மெக்கானிக் ஃபுல் இன்ஜின் வேலைன்னு சொல்றார், நம்பலாமா?" என்று இருக்கும். கேட்பவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. ஏற்கனவே ஒரு முறையாவது பணம் கட்டியிருப்பார்கள்.

இங்கே நான் பேசுவது வாரண்டி முடிந்த, எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய சின்ன கார்களைப் பற்றி. முன்னால் இருக்கும் வழிகள் நாலு: கெட்ட இடத்தை மட்டும் சரி செய்வது, ஃபுல் இன்ஜின் வேலை, பழைய இன்ஜின் வாங்கி மாற்றுவது, இருக்கிற நிலையில் தள்ளிவிடுவது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

காரணம் போகிறதா? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகமான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போனது விளைவு. அது ஏன் போனது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் இல்லாமல் முதலாவதற்குப் பணம் கட்டினால் அதே பில் திரும்ப வரும்.

இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப் போகிறீர்கள்? ஆர்சியை எடுத்து, பதிவுக் காலம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். சொந்தக் காருக்குப் பதினைந்து வருஷம். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டணமே 5,000 ரூபாய் ஆகிவிட்டது. பதினான்காவது வருஷத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு இன்ஜின் வேலை பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

நல்லா ஓடும் நிலையில் அந்தக் கார் என்ன விலை போகும்? நான் வைத்திருக்கும் கோடு மூன்றில் ஒரு பங்கு. எஸ்டிமேட் அதைத் தாண்டினால் அன்றைக்கே சரி சொல்லாமல் ஒரு வாரம் யோசிப்பேன். இது என் கணக்குதான், சட்டம் ஒன்றும் இல்லை.

பார்ட்ஸ். செவர்லே 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மாருதி 2020-ல் பிஎஸ்6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது 1.3 லிட்டர் டீசல் இன்ஜினைக் கைவிட்டது. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. அந்த 1.3 டீசல் ஃபியட்டின் மல்டிஜெட். மாருதி, டாடா, ஃபியட் என்று ஏகப்பட்ட வண்டிகளில் இருந்ததால் பிஸ்டனிலிருந்து பேரிங் வரை வெளிமார்க்கெட்டில் நிறையப் புழங்குகிறது. விற்பனை குறைவாக இருந்த மாடலுக்கு ஒரு ஆயில் பம்ப் தேடியே மூன்று வாரம் போகும்.

அப்புறம் வண்டி எத்தனை நாள் நிற்கும், காகித வேலை என்ன என்பதும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## முதலில் அளந்து பாருங்கள்

நாலு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் சில ஆயிரம் ரூபாய் செலவு செய்து இன்ஜினின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். காதில் கேட்டே "ரிங் (பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம்) போச்சு" என்று சொல்பவர் அனுபவசாலியாக இருக்கலாம். ஆனாலும் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் அது தேய்மானம். ஒன்று மட்டும் தனியாக விழுந்திருந்தால் வால்வா, ரிங்கா, கேஸ்கெட்டா என்று அங்கே தேட வேண்டும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

புகையும் பேசும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு மூச்சு நீலமாக வந்து பிறகு நின்றுவிட்டால் சந்தேகம் வால்வு சீல் மேல். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு வந்து, மறுபடி மிதிக்கும்போது நீலம் வந்தாலும் அதேதான். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து வந்தால் ரிங். டீசலில் டர்போவின் ஆயில் சீல் கசிந்தாலும் நீலப் புகைதான் வரும். டர்போவைப் பார்க்காமலே இன்ஜினைப் பிரித்து, ரிங் மாற்றி, புகை அப்படியே இருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் புகையோடு கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் கோளாறு ஹெட் பக்கம்.

ஆயில் குடிப்பதிலும் ஒரு அளவு இருக்கிறது. சில ஐரோப்பிய கார்களின் கையேட்டில் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறைவது சகஜம் என்றே போட்டிருக்கும். டிப்ஸ்டிக்கில் அளவைக் குறித்துக்கொண்டு 1,000 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்காமல் "ஆயில் குடிக்குது" என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, அந்தக் கோளாறு உங்கள் வண்டிக்கு மட்டும்தானா? அமெரிக்காவில் 2015-ல் ஹூண்டாய் 2011, 2012 மாடல் சொனாட்டாக்களில் ஏறக்குறைய 4,70,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் அச்சு) கடைந்தபோது தங்கிய உலோகத் துகள் ஆயில் வழியை அடைத்து, கனெக்டிங் ராட் பேரிங்கைக் கெடுத்தது. அங்கே ஓட்டுநர் மேல் தப்பில்லை, மெக்கானிக் மேலும் இல்லை. இங்கேயும் பல கம்பெனிகளின் தளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டு ரீகால் இருக்கிறதா என்று பார்க்கலாம். இரண்டு நிமிஷ வேலை. கம்பெனி செலவில் முடிய வேண்டியதற்கு நாம் பணம் கட்ட வேண்டாம்.

## நாலும் ஒரே பார்வையில்

விலைகள் கோவையில், கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வெளியே, நாலு சிலிண்டர் சின்ன காருக்கு நான் விசாரித்து வைத்தவை. பெட்ரோல் என்றால் கீழ்ப்பக்கம், டீசல் என்றால் மேல்பக்கம் வரும். உங்கள் ஊரில் கொஞ்சம் மாறும்.

| | ஹெட் / ஹாஃப் இன்ஜின் (ரிங் வேலை) | ஃபுல் இன்ஜின் | பழைய இன்ஜின் | அப்படியே விற்பது |
|---|---|---|---|---|
| செலவு | 12,000 – 45,000 | 50,000 – 1,10,000 | 45,000 – 90,000 | கையிலிருந்து இல்லை, விலையில் வெட்டு |
| வண்டி நிற்பது | 3 – 7 நாள் | 2 – 4 வாரம் | ஒரு வாரம் (கிடைத்தால்) | இல்லை |
| ஒளிந்திருக்கும் செலவு | இரண்டாவது முறை பிரிப்பது | டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் | ஆர்சி மாற்றம், கியாரண்டி இல்லாமை | அடுத்த காரின் கடன் |
| எப்போது நல்லது | காரணம் தெரிந்து, பிளாக் நன்றாக இருந்தால் | இன்னும் ஐந்து வருஷமாவது வைத்திருக்க | பிளாக்கே உடைந்திருந்தால் | பதிவுக்காலம் முடியும் தறுவாயில் |

## கெட்ட இடத்தை மட்டும் சரி செய்வது

எல்லோரும் முதலில் போகும் வழி இதுதான். அதிகம் ஏமாறும் இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

என் பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு ஒரே வருஷத்தில் இரண்டு முறை ஹெட் கேஸ்கெட் மாற்றினார்கள். இரண்டு முறையும் ஒரே ஒர்க்ஷாப். மூன்றாவது முறை டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டபோது வேறொரு பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொடவே இல்லை. ரேடியேட்டர் மூடிக்குள் விரலை விட்டு, நகத்தில் ஒட்டியதைக் காட்டினார். வெள்ளையும் துருவும் கலந்து, தேங்காய்த் துருவலைக் காயவைத்தது போல இருந்தது.

"எந்தத் தண்ணிங்க ஊத்துனீங்க?"

"வீட்டுத் தண்ணிதாங்க. போர்வெல்."

"சிறுவாணித் தண்ணியாவது ஊத்தியிருக்கலாமுங்க தம்பி."

கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும், நல்ல தண்ணீர் ஒன்று, உப்புத் தண்ணீர் ஒன்று. காருக்குத்தானே என்று நான் உப்புத் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருக்கிறேன். கூலன்ட் கலந்து ஊற்ற வேண்டிய இடத்தில் வருஷக்கணக்கில் போர் தண்ணீர். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்களில் பாதி அடைத்துவிட்டது. டவுனில் மெதுவாக ஓட்டும்போது சமாளித்தது; பாலக்காடு ரோட்டில் ஏசி போட்டு 90-ல் போனால் சூடேறியது. சூடேறினால் அலுமினியம் ஹெட் வளையும், வளைந்தால் கேஸ்கெட் பிடிக்காது. புதுக் கேஸ்கெட் போட்டவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். ரேடியேட்டரை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதே பெரியவர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் வால்வே இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றி வீசுவது இங்கே பல மெக்கானிக்குகளின் பழக்கம். ஹீட் பிரச்சினைக்கு அதுதான் வைத்தியம் என்று நினைக்கிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். காரின் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறையும், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும், சிலிண்டர் சுவர் தேயும். ஹீட் ஆகிறது என்று கழற்றிய பாகம் இரண்டு வருஷம் கழித்து ரிங் வேலையைக் கொண்டுவந்து நிறுத்தும்.

எனவே இந்த வழியில் போகிறவர்கள் கேஸ்கெட் விலையைப் பேசுவதற்கு முன் நாலு விஷயம் கேளுங்கள். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன், தெர்மோஸ்டாட் நாலையும் பார்த்தீர்களா? ஹெட்டை நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்தீர்களா? வளைவு இருந்தால் லேத்தில் ஃபேசிங் செய்வீர்களா, அதாவது சமமாக்குவீர்களா? ஹெட் போல்ட் புதிதா? இறுக்கும்போது நீளும்படி செய்யப்பட்ட போல்ட்டுகளை இரண்டாவது முறை போடக்கூடாது. பில்லில் போல்ட் இல்லை என்றால் பழையதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஹாஃப் இன்ஜின் என்ற பெயரில் ரிங் மட்டும் மாற்றுவதிலும் இதே கதைதான். சிலிண்டர் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால், வட்டமான புது ரிங் அதில் ஒட்டாது. முதல் இரண்டாயிரம் கிலோமீட்டர் நன்றாக இருந்து, பிறகு மறுபடி ஆயில் குடிக்கும். சிலிண்டரின் உள்விட்டத்தை மேலே, நடுவில், கீழே, இரண்டு திசையிலும் அளந்து அந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் ரிங் வேலை கொடுக்காதீர்கள்.

என் விஷயத்தில் ஹெட் ஃபேசிங், புது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், சரியான கூலன்ட் என்று மொத்தம் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது. நாலு வருஷமாக முள் நடுவிலேயே நிற்கிறது. முன்னால் கட்டிய இரண்டு பில்லையும் சேர்த்தால் தொகை வேறு, அதைக் கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

## ஃபுல் இன்ஜின் வேலை

பிளாக் லேத்துக்குப் போய், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் கடைந்து, பேரிங், ஆயில் பம்ப், டைமிங் செயின் எல்லாம் புதிதாக வருவது. ஒழுங்காகச் செய்தால் நாலு வழியில் இதுதான் நீண்ட நாள் நிற்கும். உங்கள் இன்ஜின், உங்கள் எண், ஆர்சியில் ஒரு எழுத்தும் மாறாது.

சிக்கல் அந்த "ஒழுங்காக"வில் இருக்கிறது. இங்கே பாதி வேலை மெக்கானிக் கையில், பாதி லேத்காரர் கையில். கோவையில் பம்புசெட் தொழில் வளர்ந்ததால் நல்ல லேத்துக்குப் பஞ்சமில்லை. சின்ன ஊர்களில் அப்படிச் சொல்ல முடியாது. வண்டியைக் கொடுக்கும்போதே எந்த லேத் என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள். இப்போதைய அலுமினியம் பிளாக்குகள் சிலவற்றுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனே கிடைப்பதில்லை. சிலிண்டருக்குள் ஸ்லீவ் (புது உறை) அடித்துத்தான் சரி செய்ய வேண்டும், அதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். முடியாது என்று நேர்மையாகச் சொல்லும் லேத்காரரை நம்புங்கள்.

ஒளிந்திருக்கும் செலவு டீசலில் அதிகம். இன்ஜின் கீழே இறங்கியிருக்கும்போது "கிளட்ச்சும் பார்த்துடலாமுங்க" என்பார்கள். அது நியாயமான பேச்சு, மறுபடி இறக்கும் கூலி மிச்சம். ஆனால் டர்போவும் இன்ஜெக்டரும் எஸ்டிமேட்டில் இல்லாமல் நடுவில் முளைத்தால் தொகை பாதிக்குப் பாதி ஏறும். தொடங்கும் முன்பே இன்ஜெக்டரைச் சோதனைக்குக் கொடுத்து, சோதனை முடிவை வாங்கிவிட்டுப் பேசுங்கள். வேலை முடிந்து முதல் 1,000 கிலோமீட்டருக்கு முறுக்காமல், அதிக லோடு ஏற்றாமல் ஓட்டி, உடனே ஆயில் மாற்றுவது உங்கள் பொறுப்பு. வாடகை வண்டிக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம். டெலிவரி எடுத்த அன்றே கொடைக்கானல் ட்ரிப் வந்துவிடும்.

## பழைய இன்ஜின் வாங்கி மாற்றுவது

சென்னை என்றால் புதுப்பேட்டை. அங்கே நடந்தால் ஒரு பக்கம் கதவுகள், ஒரு பக்கம் கியர்பாக்ஸ்கள், நடுவே டயர் மேல் உட்கார வைத்த இன்ஜின்கள். விபத்தில் முன்புறம் தப்பிய வண்டியின் இன்ஜின் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். பிளாக்கில் விரிசல் விழுந்தவர்களுக்கும், ராட் உடைந்து பக்கவாட்டில் ஓட்டை போட்டவர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் வழி.

ஆனால் அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. வெளியே கழுவிப் பெயின்ட் அடித்துவிடலாம். போல்ட் தலைக் குழிகளிலும், ஆல்டர்னேட்டருக்குப் பின்னாலும், வயரிங் பிளக்குக்குள்ளும் இருக்கும் வண்டல் அவ்வளவு எளிதில் போகாது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் பசை இருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். கிராங்க் புல்லியில் ஸ்பேனரைப் போட்டு கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது இடறினால் வேண்டாம்.

பெயரை மட்டும் நம்பி வாங்குவதில் இன்னொரு பொறி. மேலே சொன்ன 1.3 டீசலே 75 குதிரைத்திறனில் ஒன்று, 90-ல் ஒன்று என்று இரண்டு வகையாக ஓடியது. டர்போ வேறு, கம்ப்யூட்டர் வேறு. "எல்லாம் ஒண்ணுதான் சார், உக்காந்துரும்" என்பார் கடைக்காரர். உட்காரும், ஓடாது.

காகிதம் இந்த வழியில்தான் கனக்கும். ஆர்சியில் இன்ஜின் எண் இருக்கிறது. மாற்றினால் ஆர்டிஓ அனுமதி பெற்று புது எண்ணை ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்கு, அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று காட்டும் பில் வேண்டும். எண் ராவப்பட்டிருந்தாலோ, பில் தரமாட்டேன் என்றாலோ அது திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம். எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். திண்டுக்கல்லில் டாக்ஸி ஓட்டும் என் மச்சான் பில் இல்லாமல் வாங்கிப் போட்டார். வண்டி அருமையாக ஓடியது. எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கப் போன அன்று எண் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு அவர் அலைந்த நாட்களின் வாடகையைக் கணக்குப் போட்டால் ஃபுல் இன்ஜின் வேலையே பார்த்திருக்கலாம்.

## அப்படியே விற்றுவிடுவது

கூச்சப்பட வேண்டாம், இதுவும் ஒரு நல்ல முடிவுதான். பதிவுக்காலம் முடிய ஓரிரு வருஷமே இருக்கிறது, அடிப்பகுதியில் துரு, பார்ட்ஸும் கிடைக்காது என்றால் இன்ஜினில் போடும் பணம் திரும்பாது. இப்படிப்பட்ட காரை வாங்குபவர்கள் பெரும்பாலும் மெக்கானிக்குகள்தான். கூலி அவர்களுக்குச் செலவில்லை என்பதால் நமக்குக் கட்டாதது அவர்களுக்குக் கட்டும். ஒன்றே ஒன்று: "இன்ஜின் முடிஞ்சுது" என்று சொன்னவரே "நானே எடுத்துக்கறேன்" என்றும் சொன்னால், இன்னொருவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். குறையை மறைக்காமல் சொல்லி, இருக்கிற நிலையில் விற்றதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுப்பதும் உண்டு. 2021 ஸ்கிராப் கொள்கை சொன்ன மதிப்பு, புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம். ஆறு லட்சம் ரூபாய் கார் என்றால் 24,000-லிருந்து 36,000. அங்கே தரும் சான்றிதழைக் காட்டினால் அடுத்த சொந்தக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்றும் கொள்கையில் இருக்கிறது. எவ்வளவு என்பது மாநிலத்தின் கையில். வண்டி ஓடவே ஓடாது என்றால் இந்தக் கணக்கு மோசமில்லை.

யாருக்கு விற்றாலும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, பெயர் மாறிவிட்டதா என்று ஆன்லைனில் பார்க்கும்வரை விடாதீர்கள். ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள். பக்கத்து வீட்டு சார் "இன்ஜின் செத்துப்போச்சு, இதுக்கெல்லாம் எதுக்கு" என்று சாவியை மட்டும் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து அவர் போனுக்கு பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அபராதச் செய்தி வந்தது. அதிவேகமாம். தன் கார் மறுபடி நன்றாக ஓடுகிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.